சனிக்கிழமை மட்டும் நிற்கும் வண்டி

கச்சிராயபாளையத்தில் என் ஷெட்டில் வண்டி விடுகிறவர்கள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "சாயங்காலமா வரேன் பழனி" என்று போய்விடுவார்கள். சுப்புராயன் மட்டும் போகமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கைக்கு நேராக உட்கார்ந்துகொள்வார். நான் கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் வாங்கித் தன் துண்டில் வைப்பார். மாட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் வேலை முடிந்தபின் துண்டில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அது என் வாஷர், கீழே கிடந்தது.

"உன்னுதுன்னா என் துண்டுல எப்படி வந்துச்சு?"

"நீங்கதாண்ணா கீழேர்ந்து பொறுக்கிக்கினீங்க."

"நான் பொறுக்கினேன், சரி. அது கீழ எப்படி வந்துச்சு?"

இதற்குப் பதில் சொல்ல நான் எட்டாவது வரை படித்தது பத்தாது. வாஷரை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். இவன் ஏன் விட்டுக்கொடுக்கிறான் என்று.

சுப்புராயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோமுகி வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் கரும்பு. வெட்டின கரும்பு டிராக்டரில் போனால், எடை போடுகிற இடம் வரைக்கும் பின்னாடியே போவார். பாலை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்குவார். கோயிலில் பூசாரி தட்டில் காசு போடமாட்டார், உண்டியலில் போடுவார். அதுவும் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு. ஏதோ ஒருமுறை பெரிதாக ஏமாந்து இப்படி ஆனவர் என்று நினைக்காதீர்கள். விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட ஏமாறாமலே இப்படி ஆனவர்.

மூத்த மகளை நைனார்பாளையத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். சின்னவள் இலக்கியா கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிறாள். சனிக்கிழமையானால் சுப்புராயன் வெள்ளிமலைக்குப் போவார். மலைக்காரர்களிடம் சாமை, தினை, புளி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து கள்ளக்குறிச்சியில் அன்சர் பாய் கடைக்குப் போடுவார். பதினைந்து வருசமாக இதே வழி, இதே வண்டி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்து நாலாம் வருச மாடல், டூ ஸ்ட்ரோக். கம்பெனி பேரை எழுதமாட்டேன். எழுதினால் அதே வண்டி வைத்திருக்கிறவனெல்லாம் கிளம்பி என் ஷெட்டுக்குச் சண்டைக்கு வருவான். சுப்புராயனின் மாமனார் ஓட்டிய வண்டி அது. அவர் செத்தபின் அவர் மகள், சுப்புராயனின் மனைவி பெரியநாயகி, "எங்கப்பா வண்டி எங்க வூட்லயே இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. அதனால் விற்கமுடியாது. ஓட்டவும் முடியாது. குளிர்ந்த நாளில் இடது பக்கம் சாய்த்துவிட்டுத்தான் உதைக்கவேண்டும். மழை நாளில் பிளக்கைக் கழற்றி நெருப்பில் காட்டவேண்டும். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள், இவர் ஒரு பிளக்கும் ஒரு துண்டு உப்புத்தாளும் வைத்திருப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் மேடாகப் பார்த்துத்தான் நிறுத்துவார், கிளம்பும்போது உருட்டிவிட்டு கியர் போடலாமே என்று. மண்டபத்துக்கு முன்னால் சரிவு இல்லையென்றால் அந்தக் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போவார்.

இவ்வளவும் பழகின கோளாறு. ஆடி மாசத்துக்கப்புறம் வந்ததுதான் புதுசு.

ஆடியில் ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது ஜல்லியில் சறுக்கி விழுந்தார். முட்டியில் தையல் போட்டது. வண்டியில் ஹேண்டில் பார் வளைந்தது, நான்தான் நிமிர்த்தினேன். அதற்கு மூன்று வாரம் கழித்து மறுபடி மலைக்குப் போனார். கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கி நாலாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. அரைமணி நேரம் நின்றுவிட்டு அதுவாகவே ஸ்டார்ட் ஆனது. போய் இன்னொரு வளைவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் கொண்டுவந்தார். நான் எப்பவும்போல பனியன் வேஸ்ட்டை எடுத்து வண்டியைத் துடைத்தேன், டேங்கைத் திறந்து பெட்ரோல் பார்த்தேன், ஆயில் கலவை பார்த்தேன், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். அணை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். தங்கமாக ஓடியது.

அடுத்த சனிக்கிழமை அதே வளைவு. ஞாயிறு என் ஷெட்டு. தங்கமாக ஓடியது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. வாரத்தில் மற்ற நாளெல்லாம் கரும்புக் கொல்லைக்கும் ஊருக்கும் போய்வருகிற வண்டி, சனிக்கிழமை மலையைப் பார்த்தால் மட்டும் நிற்கிறது.

முதலில் இடத்தின்மேல் சந்தேகப்பட்டார். அந்த வளைவில் என்னமோ இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை எலுமிச்சம்பழம் கொண்டுபோய் நசுக்கினார். வண்டி அதற்கும் முந்தின வளைவிலேயே நின்றது. அப்புறம் பெட்ரோல் மேல் சந்தேகம். பங்க்கை மாற்றினார். போடும்போது ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். வீட்டில் நிற்கும்போது யாரோ டேங்கில் சர்க்கரை போடுகிறார்கள் என்று, பூட்டுப் போட்ட மூடி வாங்கி மாட்டச் சொன்னார். மாட்டினேன். அந்தச் சாவியை மலைக்கு எடுத்துப்போகமாட்டார். மலையில் சாமை மூட்டை கட்டப் போகிற நேரத்தில் எவனாவது சட்டையிலிருந்து சாவியை எடுத்துவிட்டால்? அது பெரியநாயகியின் இடுப்புச் சாவிக்கொத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் போட வாங்குவார், போட்டுவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வரும்போது கொண்டுவருவார்.

அப்புறம் கார்பரேட்டர் ஸ்குரு, பிளக் மூடி, பாயிண்ட் பெட்டி எல்லாவற்றிலும் இலக்கியாவின் நெயில் பாலிஷ் வைத்து சீல் போட்டார். எவன் திருகினாலும் பாலிஷ் உடையும் என்று கணக்கு. ரோஸ் கலர். என் ஷெட்டுக்கு வந்தவனெல்லாம், "இன்னா பழனி, வண்டிக்கு நலங்கு வச்சிருக்கியா?" என்று கேட்டான். ஒரு சீலும் உடையவில்லை. வண்டி நின்றது.

இதற்கு நடுவில் மலையடிவாரத்தில் சோதனைக்கு நிற்கிற போலீஸ்காரர்களுக்கு இவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நியாயம்தான். வாராவாரம் ஒரே ஆள் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வரும். ஒரு சனிக்கிழமை அவர் நின்ற வளைவுக்கே ஏறி வந்துவிட்டார்கள்.

"போன சனிக்கெழமையும் இங்கதான நின்ன?"

"ஆமாங்க."

"அதுக்கு முந்தன வாரம்?"

"இங்கதாங்க. வண்டி நின்னுபோவுதுங்க."

"யாருக்கோசரம் காத்துக்கினு இருக்க, அத மட்டும் சொல்லு."

"வண்டிக்கோசரங்க."

சாக்கை உதறிப் பார்த்தார்கள். டேங்கைத் திற என்றார்கள். சாவி வீட்டில் இருக்கிறது என்றார். டேங்க் சாவியை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போகிறவன் எவன்? அவர்கள் முகத்தைப் பார்த்தால் டேங்குக்குள் சாராயம் இருக்கும் என்று நினைத்தார்கள் என்பது யாருக்கும் புரியும். கடைசியில் போன் போட்டு, இலக்கியா வேறு வண்டியில் சாவி கொண்டுபோனாள். ஒரு போலீஸ்காரர் மூடியைக் கழற்றித் தன் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து மோந்து பார்த்தார். பெட்ரோல்தான். போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு அங்கிருந்து வெள்ளிமலை வரைக்கும், திரும்பி வீடு வரைக்கும், வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எனக்கு அப்போதே மண்டையில் உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. சுப்புராயன் வேறு கணக்குப் போட்டுக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் வந்து சொன்னார்.

"போலீஸ் பக்கத்துல நின்னா வண்டி ஓடுது. அப்ப இது எவனோ மனுசன் செய்யற வேலதான். பயந்துட்டான்."

"வண்டிக்குள்ளயா உக்காந்துனு இருக்கான், பயப்படறதுக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். இருபது வருசமாக அவர் வண்டிக்கு ஸ்பானர் பிடிக்கிறேன், அந்த மாதிரி என்னை அவர் பார்த்ததில்லை.

அந்தப் பார்வைக்குக் காரணம் பாண்டிச்சேரி ஆள்.

அந்தப் புதன்கிழமை காலையில் பாண்டிச்சேரியிலிருந்து காரில் ஒருத்தர் வந்தார். பழைய வண்டி வாங்கிப் புதுசு பண்ணி ஓட்டுகிற ஆள். சுப்புராயன் வண்டியை எங்கேயோ பார்த்திருக்கிறார், விசாரித்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். டேங்க் ஒரிஜினலா, எஞ்சின் நம்பர் மாறாமல் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு லட்சத்து இருபது வரைக்கும் கொடுப்பேன் என்றார். முடித்துக் கொடுத்தால் எனக்குப் பத்தாயிரம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போன் நம்பர் எழுதின சீட்டு கொடுத்தார், அதை வாங்கிப் பையில் வைத்தேன். என் ஷெட்டுக்கு எதிரில் சின்னராசு டீக்கடை. அங்கே சுப்புராயன் டீ குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்த ஆள் என்னிடமிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய் விலை கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், எல்லாம் கோர்வையாகச் சேர்ந்துவிட்டது. வண்டி ஆடிக்கப்புறம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழனி கை வைக்கிறான். சனிக்கிழமை நிற்கிறது. சுப்புராயன் சலித்துப்போய் வித்துவிடுவான் என்று இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை டீக்கடையில் பத்து பேர் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"எங்க வண்டியில எவனும் கை வைக்கல. வச்சது ஒரே ஒருத்தன். பழனி."

டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "இன்னாண்ணா பேசறீங்க?"

"நாளைக்கு வெள்ளிக்கெழம. மாரியம்மன் கோயில்ல வந்து சூடம் அடி. 'சுப்புராயன் வண்டி மேல எனக்கு ஒரு நெனப்பும் இல்ல, அதுக்கு ஒரு கெடுதலும் பண்ணல'ன்னு சூடத்த அணைச்சிட்டுப் போ. நான் உன் கால்ல வுழறேன்."

எங்கள் பக்கம் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் கோர்ட்டு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான். சத்தியம் செய்ய மறுத்தால் அதுவும் தீர்ப்புதான். நாளைக்கே என் ஷெட்டுக்கு வண்டி வராது. மெக்கானிக்குக்கு நாணயம் போனால் அவனிடம் இருப்பது பழைய ஸ்பானர்தான்.

கெடுதல் பண்ணவில்லை என்று பத்து சூடத்தை அணைப்பேன். ஆனால் ஒரு நினைப்பும் இல்லை என்று? சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது.

"நான் சூடம் அடிக்கமாட்டேன்" என்றேன். சின்னராசு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். எனக்கே பயமாக இருந்தது, அதனால் சத்தம் போட்டுப் பேசினேன். "வண்டி சனிக்கெழம நிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. நான் கண்ணால பாக்கல. இந்தச் சனிக்கெழம உங்க பின்னாடி உக்காந்து வரேன். அதுவரைக்கும் வண்டிகிட்டயே வரல. நின்னா, அங்கயே, தொடாம, இன்னா கோளாறுன்னு சொல்றேன். சொல்ல முடியலன்னா ஷெட்டப் பூட்டிட்டுப் போயிடறேன். சூடமும் அடிக்க வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்."

சொல்லிவிட்டேன். மூன்று மாசமாகக் கழற்றிப் பார்த்து எனக்குப் பிடிபடாத கோளாறு. தொடாமல் எப்படிப் பிடிபடும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியை அவர் வீட்டு நடைக்குள் ஏற்றி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை விடிந்ததும் தெருமுனையில் என்னை நிறுத்தி, சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தடவிப் பார்த்தார். அந்தச் சீட்டை நான் வியாழக்கிழமையே அடுப்பில் போட்டிருந்தேன். பின்னால் ஏறினேன்.

"ரெண்டு கையும் என் தோள்லயே இருக்கட்டும். எடுத்தா தெரிஞ்சிடும் எனக்கு."

"மூக்கு அரிச்சா?"

"சொல்லிட்டு சொறி."

அணையைத் தாண்டினோம். வண்டி நன்றாக இழுத்தது. அடிவாரத்தில் போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும், "இன்னிக்கு ஆளு வேற கூட்டினு வந்திருக்கியா?" என்றார். நான் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு இன்னும் சந்தேகம் ஜாஸ்தியாகியிருக்கும். விட்டுவிட்டார். மலை ஏறினோம். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. எஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்றைத் தாண்டினதும் சத்தம் மெலிந்தது. ஒருதரம் வீலென்று கத்தியது, இருமியது, மறுபடி கத்தி அடங்கியது.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பெட்ரோல் தீர்ந்துபோன வண்டியின் சத்தம்.

"ரிசர்வ் போடுங்க."

"நேத்து சாயங்காலம் புல் டேங்க் அடிச்சேன், ரிசர்வ் போடணுமா?"

நாலாவது வளைவில் வண்டி நின்றது. இறங்கினோம். மூங்கில் உரசுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. சுப்புராயன் ஸ்டாண்ட் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்கிற முகம் இல்லை. பாவமாகத்தான் இருந்தது அந்த முகம்.

"சொல்லு பழனி."

"நீங்க உக்காந்து, பெட்ரோல் டேப்புலேர்ந்து கார்பரேட்டருக்குப் போற டியூப்பக் கழட்டுங்க. நான் தொடல."

கழற்றினார். இரண்டு சொட்டு விழுந்தது. மூன்றாவது சொட்டு வெளியே வந்து தொங்கி, அப்படியே நின்றது. டேப் திறந்திருக்கிறது. டேங்கை ஆட்டினால் உள்ளே சளப் சளப் என்று பெட்ரோல் சத்தம் கேட்கிறது. ஆனால் இறங்கமாட்டேன் என்கிறது.

டியூப்பைப் பார்த்தேன். அதிலிருந்து டேப்பைப் பார்த்தேன். டேப்புக்கு மேலே டேங்க். டேங்குக்கு மேலே மூடி.

மூடியில், சாவித் துவாரத்தை ஒட்டி ஒரு பொட்டு. பழைய நாலணா அளவுக்குக் கெட்டியாகக் குழைத்து வைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து இறுகிப்போய்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. டேங்க் மூடியில் ஊசிமுனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகவில்லையென்றால் பெட்ரோல் உள்ளேயே கட்டிக்கொள்ளும். புல் டேங்க் என்றால் இன்னும் சீக்கிரம். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விசயம். ஆனால் எங்கள் ஊரில் பொட்டு இல்லாத வண்டி ஏது? வெள்ளிக்கிழமைப் பொட்டு, பூசைப் பொட்டு, புது டயர் போட்டால் பொட்டு. ஒரு நாளைக்கு இருபது வண்டியில் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து அது கண்ணிலேயே படுவதில்லை. வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். கோளாறைத் துடைத்துப்போட்டுவிட்டுக் கோளாறைத் தேடியிருக்கிறேன், மூன்று மாசமாக. அந்தப் போலீஸ்காரரும் அதைத்தான் துடைத்தார்.

"அண்ணா, அந்தச் செடியில ஒரு முள்ளு ஒடிங்க. அந்தப் பொட்டுக்கு நடுவுல குத்துங்க."

"சாமிப் பொட்டுலயா?"

"குத்துங்கண்ணா."

குத்தினார். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் மூச்சை இழுத்தது. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் வெளியே வந்து இழுப்பது மாதிரி. கீழே கழற்றிவிட்ட டியூப்பிலிருந்து பெட்ரோல் கொட்டி அவர் கால் விரலெல்லாம் நனைந்தது. அவர் டேப்பை அடைக்கவே மறந்து நின்றார்.

"இத நீ எப்ப வச்ச?" என்றார்.

"நேத்து ராத்திரி வண்டி எங்க இருந்துச்சு?"

"எங்க வூட்ல."

"தாழ்ப்பா?"

"நான்தான் போட்டேன்." டேப்பை அடைத்தார். அப்புறம் முகம் கறுத்துப்போய், "அவளுக்கு எம்மேல இன்னா கோவம்?" என்றார்.

முப்பத்து நாலு வருசம் கூட வாழ்ந்த பொண்டாட்டி. அவளையும் விடவில்லை.

"கோவம் இல்லண்ணா. ஆடிக்கு முன்னாடி எங்க பொட்டு வைப்பாங்க?"

யோசித்தார். "லைட்டுல."

"நீங்க வுழுந்தப்புறம்?"

மூடியைத் தடவிப் பார்த்தார். மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி நின்றுபோகிறது என்று இவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். பெரியநாயகி அண்ணி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொட்டை இன்னும் கொஞ்சம் கெட்டியாக வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் இருந்த பொட்டை நான் ஒரே இழுப்பில் துடைத்தேன். கடைசித் தடவை நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். இப்போது நினைத்தால் எல்லாம் ஞாபகம் வருகிறது.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பேர் தப்பிவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

"பாண்டிச்சேரிக்காரன் எனக்குப் பத்தாயிரம் தரேன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"மாட்டேன்னு சொன்னியா?"

"சொல்லல. சீட்டு வாங்கிப் பையில வச்சேன்."

"அதான் சூடம் வேணான்ன."

"ஆமா."

திட்டுவார் என்று பார்த்தேன். தலையை மெதுவாக ஆட்டினார். தான் பார்த்தது பொய்யில்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி மாதிரிதான் இருந்தது. "ஏறு" என்றார். வெள்ளிமலை போய்ச் சாமை ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் ஊர் வந்துவிட்டோம். எங்கேயும் நிற்கவில்லை. ஊர் எல்லை வந்தபோது சுப்புராயன் வண்டியை மெதுவாக்கி, "டீக்கடையில நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் கூட்டம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. ஷெட்டு பூட்டுமா பூட்டாதா என்று பார்க்க வந்த கூட்டம். சுப்புராயன் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"பழனி மேல தப்பு இல்ல. டேங்க் மூடி ஓட்டையில சந்தனம் அடைச்சிக்கினு இருந்துச்சு. வச்சது நான்தான். நானே வச்சிட்டு நானே ஊரச் சந்தேகப்பட்டேன்."

கடையே சிரித்தது. சின்னராசு டீ கிளாஸை நீட்டிக்கொண்டே, "நீயாண்ணா பொட்டு வச்ச? பூசாரி துண்ணூறு குடுத்தாலே அது எந்த மாட்டு சாணின்னு கேக்கற ஆளாச்சே நீ" என்றான்.

"வச்சேன். இப்ப இன்னா அதுக்கு?"

"எதுக்கு வச்ச?"

"பயம்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அவரிடம் பொய் சொல்கிறார்கள் என்று இத்தனை வருசம் சொல்லிக்கொண்டிருந்த மனுசன், தான் சொல்லும்போது ரொம்ப மோசமாகச் சொன்னார். பார்வை ரோட்டிலேயே இருந்தது. பெரியநாயகி அண்ணியை ஊர் பேசக்கூடாது என்பதற்காகச் சொன்னார். எனக்குப் புரிந்தது, வேறு யாருக்கும் புரியவேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கே எனக்கு இரண்டு வண்டி வேலைக்கு வந்தது.

ஆனால் டீக்கடையில் சொன்னது வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? செவ்வாய்க்கிழமை, அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்த நேரம், அண்ணி ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். கையில் பை கிடையாது. எதையும் வாங்க வரவில்லை.

"தம்பி, டேங்குல அவரு பொட்டு வச்சாராமே?"

"அப்படித்தான் சொன்னாருங்க அண்ணி."

"அவரு ஒருநாளும் பொட்டு வச்சவரில்ல. நான்தான் வைக்கறேன். அது அவருக்கும் தெரியும். அப்ப எதுக்குப் பொய் சொல்றாரு? மலையில இன்னா நடந்துச்சு? வண்டி நின்னுச்சு நின்னுச்சுன்னு மூணு மாசமா லேட்டா வராரு. நீயும் அவரும் சேந்து இன்னாத்த மறைக்கிறீங்க?"

அவர்கள் கண்ணைப் பார்த்தேன். சுப்புராயன் கண் மாதிரியே இருந்தது. அந்தச் சந்தேகம் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிட்டது. மலையில் யாரோ இருக்கிறாள் என்று போகும். சொல்லாமல் விட்டால் ஒரு பாவம், சொன்னால் ஒரு பாவம்.

வேறு வண்டியின் டேங்க் மூடி ஒன்று கழற்றி வைத்திருந்தேன். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அந்த ஓட்டையைக் காட்டினேன். குண்டூசியை விட்டு எடுத்தேன். காற்று எப்படிப் போகும், பெட்ரோல் எப்படி இறங்கும் என்று சொன்னேன். அண்ணி மூடியைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"லைட்டுல வச்சேன், வுழுந்துட்டாரு. அதான் ஓட்டும்போது அவரு கண்ணுக்கு நேரா இருக்கட்டுமேன்னு மூடில வச்சேன். அப்ப நான்தான் வண்டிய நிறுத்திக்கினு இருந்தனா?"

"தெரியாமதான அண்ணி."

"அதுக்கோசரம் அவரே வச்சேன்னு சொல்லிக்கினாரா, அத்தினி பேர் எதுர்ல?"

அண்ணி மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார்கள். போகும்போது திரும்பி, "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லாத தம்பி. சொன்னா, நீ எங்கிட்ட சொன்னன்னு உன்ன வையுவாரு. அவரு வச்சதாவே இருக்கட்டும்" என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை வண்டி மலைக்குப் போய்ப் பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டது. சாமை மூட்டையோடு நேராக என் ஷெட்டு வாசலில் வந்து நிறுத்தினார் சுப்புராயன். எஞ்சினை அணைக்கவில்லை. நன்றாக ஓடியது என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"செவ்வாக்கெழம எங்க வூட்டுக்காரி இங்க வந்தாளாமே?"

சின்னராசு சொல்லியிருப்பான். "ஆமாண்ணா."

"இன்னாத்துக்கு?"

"வண்டி இப்ப ஒழுங்கா ஓடுதான்னு கேக்க."

"அத எங்கிட்ட கேட்டா ஆவாதா?"

"பொம்பளைங்க, கவலைண்ணா."

"நேத்து பொட்டு மூடில இல்ல" என்றார். "லைட்டுல வச்சிருக்கா. மூடில வைக்காதன்னு நான் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா தூங்காம யோசிச்சிக்கினு இருந்தேன். அவளா மாத்திட்டா." குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "நீ எதனா சொன்னியா?"

"இல்லண்ணா" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏற்கனவே இறுகி இருந்த ஒரு நட்டை எடுத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.